டாப்பர் மார்க்கைப் புடுங்கி ஃபெயிலானவனுக்குக் கொடுக்கலாமா? வாட்ஸ்அப் புரொஃபசர் சொல்லாம விட்ட கணக்கு!

(திரையில்: ஃபேமிலி குரூப்ல வந்த ஒரு நீளமான ஃபார்வர்ட், மெதுவா மேல நகருது)

உங்க பொண்ணு ப்ளஸ் டூல 600-க்கு 580. பக்கத்து ஃபிளாட் பையன் தட்டுத்தடுமாறி 220. ஸ்கூல்ல ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு உட்கார வெச்சு, "ஆளுக்கு 400 போட்டுட்டோம், சந்தோஷமா போயிட்டு வாங்க"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

சண்டைக்குப் போவீங்க. நானும் கூட வருவேன்.

அப்ப பணக்காரன்கிட்ட வரி வாங்கி இல்லாதவனுக்குக் கொடுக்கிறது மட்டும் எப்படிங்க நியாயம்?

மாட்டிக்கிட்டீங்களா? இந்த ஒரு கேள்வியைப் போட்டுத்தான் எங்க சித்தப்பா போன வாரம் ஃபேமிலி குரூப்பையே வாயடைக்க வெச்சார். அதுக்குத்தான் இந்த வீடியோ. வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கங்க, அதை நிறுத்தினா மே மாசச் சென்னைல நான் பேச மாட்டேன், உருகிடுவேன்.

அந்த ஃபார்வர்ட் கதை உங்களுக்கும் வந்திருக்கும். பேர் இல்லாத ஒரு புரொஃபசர். கிளாஸ்ல எல்லாரும் சமத்துவம் வேணும்னு கேட்கிறாங்க. "சரி, இனிமே எல்லாருக்கும் ஆவரேஜ் மார்க்"ங்கிறார். முதல் டெஸ்ட்ல சுமார் மார்க். படிச்சவன் கடுப்பாயிட்டான், படிக்காதவன் குஷியாயிட்டான். ரெண்டாவது டெஸ்ட்ல இன்னும் கீழ. மூணாவதுல மொத்த கிளாஸும் ஃபெயில். கதை முடிஞ்சது, "பாத்தீங்களா, இதான் சோஷலிசம்". கீழ ரெண்டு கைகூப்பு எமோஜி.

கதையில உண்மையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் படிச்சவங்க ஃபைனல் இயர் புராஜெக்டை நினைச்சுப் பாருங்க. நாலு பேர் பேரு, ஒருத்தன் உழைப்பு, வைவாக்கு மட்டும் நாலு பேரும் டை கட்டிட்டு வருவோம். அந்த ஒருத்தன் நான் இல்லை. நான் ரிப்போர்ட்டை பைண்டிங் போடப் போனவன். இந்த நாடே ஒரு காலத்துல அந்த மாதிரி பண்ணிப் பாத்திருக்கு. 1973-74-ல இந்தியாவோட உச்ச வருமான வரி, சர்சார்ஜோட சேர்த்து 97.75 சதவீதம். மேல் அடுக்குல நீங்க சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 ரூபாயிலயும் உங்க கைல நிக்கிறது ரெண்டே கால் ரூபா. அப்படி இருந்தா எவன் உழைப்பான், எவன் கணக்கு காட்டுவான்? அந்தக் காலத்துக்கு ஃபார்வர்ட் கரெக்ட்.

அப்புறம் அதெல்லாம் போயிடுச்சு. செத்தவங்க சொத்து மேல இருந்த எஸ்டேட் வரி 1985-ல போச்சு, பெரிய சொத்துக்காரங்க மேல இருந்த செல்வ வரியை (வெல்த் டாக்ஸ்) 2015 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் வரலாறு, கொட்டாவி விட்டவங்க இப்ப முழிச்சுக்கங்க. எனக்குப் பிடிச்ச பகுதி வருது.

இன்னைக்கு இருக்கிற வரியையே மார்க்கா மாத்திப் பாப்போமா? பேப்பர் பேனா எடுத்துக்கங்க, நானும் நேத்து ராத்திரி உட்கார்ந்து போட்டேன்.

2025-26 புது வரி முறை. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அப்புறம் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்துக்கு மேல 30. கழிவெல்லாம் போக 30 லட்சம் வருமானம் இருக்கிற ஒருத்தரை எடுத்துப்போம். அவர்தான் நம்ம கிளாஸ் ஃபர்ஸ்ட், 100-க்கு 100. அவர் வரி எவ்வளவு? 30 சதவீதம், அதாவது 9 லட்சம்னு சொல்லுவீங்க. இல்லை! அந்த 30 சதவீதம் மேல இருக்கிற 6 லட்சத்துக்கு மட்டும்தான். எல்லா அடுக்கையும் கூட்டினா 4,80,000. அதுமேல 4 சதவீத செஸ். மொத்தம் 4,99,200. மார்க்ல சொன்னா, 100 எடுத்தவர் கிட்டத்தட்ட 17 மார்க்கைக் கொடுத்துட்டு 83-ஓட வீட்டுக்குப் போறார்.

அடுத்து 20 லட்சக்காரர். அதே அளவுகோல்ல அவர் எடுத்தது 67 மார்க். வரி 2,08,000. கைல 60. அதுக்கடுத்து 12 லட்சக்காரர், 40 மார்க். தள்ளுபடி இருக்கிறதால அவருக்கு வரியே இல்லை. 40 அப்படியே 40.

(திரையில்: 100 → 83, 67 → 60, 40 → 40)

இதைப் பாத்து நான் சிரிச்சுட்டேன். கிளாஸ் ஃபர்ஸ்ட் இன்னமும் கிளாஸ் ஃபர்ஸ்ட். செகண்ட் இன்னமும் செகண்ட். ஒரு ரேங்க் கூட மாறலை! யாருக்கும் யாரும் ஆவரேஜ் மார்க் போடலை. புரொஃபசர் கதையில 100 எடுத்தவனும் பூஜ்யம் எடுத்தவனும் ஒரே மார்க் வாங்குவாங்க. நிஜத்துல 83-ம் 40-ம். இப்ப சொல்லுங்க, 83 வரும்னு தெரிஞ்சா உங்க பொண்ணு புத்தகத்தை மூடி வெச்சிடுவாளா?

இன்னொண்ணு, அந்தப் புரொஃபசர் கிளாஸ்ல கடைசி பெஞ்ச்காரன் ஒரு மார்க் கூடக் கொடுக்கிறதில்லை. நம்ம கிளாஸ்ல அவனும் கொடுக்கிறான். அண்ணாச்சி கடையில ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கினா அதுல ஜிஎஸ்டி இருக்கு. 35 எடுத்தவன்கிட்டயும் பேனாவால ரெண்டு மார்க்கை அடிச்சுட்டுத்தான் பேப்பரைக் கொடுக்கிறாங்க. "நான் கட்டுற வரியில ஊர் சாப்பிடுது"ன்னு சொல்றவங்க அந்த ஊரும் வரி கட்டுதுன்னு மறந்துடுறாங்க. சரி, கோபப்படாதீங்க, லைக் மட்டும் போட்டுட்டுத் திட்டுங்க.

இப்ப மார்க்கும் காசும் ஒண்ணான்னு பாப்போம். மார்க்குங்கிறது என்ன? வரிசையில உங்க இடம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கையே எடுத்துக்கங்க. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். இந்த ஊர்ல அரை மார்க்குக்கு வீடே மூணு நாள் சாப்பிடாம இருந்திருக்கு. ரெண்டு பேர் ஒரே கட்-ஆஃப்னா கணக்கு மார்க் யாருக்கு அதிகம்னு பாப்பாங்க, அப்புறம் பிசிக்ஸ், அப்படியே போய்ப் போய்ப் பிறந்த தேதியைப் பாப்பாங்க. அதுவும் ஒண்ணா இருந்தா, கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர்! "உழைச்சவனுக்கு உழைப்புக்கேத்த மார்க்"னு நாம கும்பிடுற சாமியே கடைசில சீட்டு குலுக்கிப் போடுது.

அது போகட்டும். நாளைக்கு எல்லாருக்கும் கட்-ஆஃப்ல 10 மார்க் சும்மா ஏத்திக் கொடுத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. கிண்டி காலேஜ்ல சீட்டு அதே சீட்டுதான். 1794-ல ஆரம்பிச்ச இடம், உங்க 10 மார்க்குக்காகச் சுவரை இடிச்சுக் கட்ட மாட்டாங்க. வரிசை அப்படியே இருக்கும். ஆனா எல்லா வீட்டுக்கும் மாசம் 20 கிலோ அரிசி கொடுத்தா? பசி குறையும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார்ங்கிறதால என் வயிறு காலியாகாது. சோத்துக்குக் கட்-ஆஃப் கிடையாதுங்க.

இன்னொரு வித்தியாசம். மார்க் குட்டி போடாது. போன வருஷம் 98 எடுத்தீங்கன்னு இந்த வருஷம் யாரும் வட்டியா ஆறு மார்க் சேர்க்க மாட்டாங்க. ஜூன் மாசம் எல்லாரும் பூஜ்யத்துல இருந்துதான். ஆனா வேளச்சேரியில தவளை கத்திட்டிருந்த காலத்துல ஒருத்தரோட தாத்தா ஒரு கிரவுண்ட் வாங்கிப் போட்டார்னு வைங்க. 2400 சதுர அடி. பேரன் தூங்கிட்டிருக்கான், கிரவுண்ட் சம்பாதிக்குது. தாத்தா எடுத்த சென்டத்தைப் பேரன் மார்க் ஷீட்ல ஏத்த முடியுமா? காசைக் கொடுத்து டியூஷன், டெஸ்ட் பேட்ச், தனி ரூம், ஏசி எல்லாம் வாங்கி அதை மார்க்கா மாத்தலாம். மார்க் ஷீட்டை பேங்க்ல வெச்சு வட்டி வாங்கிப் பாருங்க, வாட்ச்மேன் வெளிய விட்டுடுவார்.

மார்க்கும் தாத்தா சொத்து மாதிரி நடந்துக்கிட்ட ஒரே வருஷம் 2021. ஞாபகம் இருக்கா? கொரோனால ப்ளஸ் டூ பரீட்சை ரத்து. 8 லட்சத்துக்கும் மேல பேர், எல்லாரும் பாஸ். மார்க் எப்படி போட்டாங்க? பாதி பத்தாவது மார்க்ல இருந்து, அதுவும் அதிகமா எடுத்த மூணு பாடத்தோட சராசரி. 20 சதவீதம் ப்ளஸ் ஒன். 30 சதவீதம் ப்ளஸ் டூ பிராக்டிகலும் இன்டர்னலும். பத்தாவதுல சினிமா பாத்துட்டுத் திரிஞ்சு, ப்ளஸ் டூல வெறி பிடிச்சுப் படிச்ச பையன் புலம்பின புலம்பலை எங்க தெருவே கேட்டுச்சு. "என்னைக்கோ நடந்ததுக்கு இன்னைக்கு ஏன் மார்க்?" நியாயமான கேள்வி. அதே கேள்வியை அந்த ஒரு கிரவுண்டைப் பாத்து யாரும் கேட்கிறதில்லை.

இந்த ஒப்பீடு வாட்ஸ்அப்ல பிறந்ததும் இல்லை. 1974-லயே ஹார்வர்ட்ல ராபர்ட் நோசிக்னு ஒரு தத்துவப் பேராசிரியர் இதை எடுத்தார். பரீட்சை முடிஞ்சுது, யாருக்கு எவ்வளவுன்னு தெரியாது, மொத்த மார்க்கை நீங்களே பேசிப் பிரிச்சுக்கங்கன்னா சமமாப் பிரிச்சுப்பாங்க, ஆனா யார் என்ன எழுதினான்ங்கிறதே அதுல காணாமப் போயிடுதேன்னார். தனக்கு என்ன கிடைக்கும்னு தெரியாம பேசி முடிவு பண்றதுதான் நியாயம்னு சொன்ன, அதே டிபார்ட்மென்ட்ல இருந்த ஜான் ரால்ஸுக்கு வெச்ச குத்து அது. நோசிக் புத்திசாலி, சித்தப்பா ஃபார்வர்டை விட நூறு மடங்கு உஷார். ஆனா அவர் கதையும் பரீட்சை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

பரீட்சைக்கு முன்னாடி காலைல என்ன நடந்துச்சு?

அதுக்கு ஆயிரம் விளக்குக்கு வாங்க. மெட்ரோல போனா இறங்குற அதே ஆயிரம் விளக்குதான். 1920. பிட்டி தியாகராய செட்டி தலைமையில இருந்த மெட்ராஸ் கார்ப்பரேஷன், அங்க இருந்த கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மத்தியானம் சாப்பாடு போட முடிவு பண்ணுது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாது. அப்புறம் இன்னும் நாலு ஸ்கூலுக்கு விரிவுபடுத்துறாங்க. அந்த அஞ்சு ஸ்கூல்லயும் சேர்த்து 1922-23-ல 811 பிள்ளைங்க. 1924-25-ல 1,671. ரெண்டு மடங்கு! அங்க யாரோட மார்க்கையும் யாரும் எடுத்து யாருக்கும் கொடுக்கலை. ஊர் வரிப்பணத்துல சோறு போட்டாங்க, பிள்ளை வந்து பெஞ்ச்ல உட்கார்ந்துச்சு. மார்க் எடுத்தது அந்தப் பிள்ளையே. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல எம்.ஜி.ஆரோட சத்துணவு, 2022-ல காலை உணவு, எல்லாமே அந்த ஒரு அணாவோட பேரப்பிள்ளைங்கதான்.

புரொஃபசர் கிளாஸ்ல யாரும் பட்டினியா வந்த மாதிரி தெரியலை. அதான் அந்தக் கதைல இருக்கிற பெரிய ஓட்டை.

வீடியோ நீளமாயிடுச்சு, தெரியும். ஆனா இதைச் சொல்லாம விட மாட்டேன். இதே சித்தப்பா ரெண்டு மாசம் முன்னாடி இன்னொரு ஃபார்வர்ட் போட்டிருந்தார். "தமிழ்நாடு நல்லாப் படிச்ச பையன், நம்ம மார்க்கை எடுத்து வடக்குல கொடுக்கிறாங்க." மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கிற நிதிக்குழு இருக்கே, அதுல 15-வது குழுவோட 2021-26 பங்கீட்டுல தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. அந்தக் கணக்குல, வருமானத்துல எவ்வளவு பின்தங்கி இருக்கீங்கங்கிறதுக்கு மட்டும் 45 சதவீத வெயிட். ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தினதுக்கு 12.5. சொன்ன பாடத்தைப் படிச்ச பிள்ளைக்கு 12.5 ரொம்பக் கம்மின்னு நானும் சண்டை போடுவேன். ஆனா பீகார்ல இருக்கிற பிள்ளைக்கும் பசிக்கும்ங்கிறதையும் சேர்த்துத்தான் போடணும். சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம் வரலை பாருங்க: தமிழ்நாட்டுக்காக மார்க் கதை பேசும்போது அவர் டாப்பர். மகளிர் இலவச பஸ்ஸைத் திட்டும்போதும் அவர் டாப்பர். எந்தக் கிளாஸ்ல உட்கார வெச்சாலும் அவர்தான் ஃபர்ஸ்ட் பெஞ்ச்.

உங்க வீட்டு குரூப்ல இந்த ஃபார்வர்ட் வந்தப்ப நீங்க என்ன பதில் போட்டீங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க, நல்லா இருந்தா அடுத்த வீடியோல படிக்கிறேன். நான் அந்த 100, 83, 67, 60 கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி ஃபோட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். ராத்திரி 11 மணிக்கு ப்ளூ டிக் விழுந்துச்சு. காலைல எழுந்து ஆவலா போனைப் பாத்தா, ஒரு ரோஜாப்பூ. "இனிய காலை வணக்கம்."