வள்ளி வராத வருஷம்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இன்றைக்குப் பேசப்போவது பாரிஸ் ஓப்பரா என்கிற பெரிய இசை நாடக அரங்கத்தின் பாலே குழுவைப் பற்றி. பாலே என்றால் கால் விரல் நுனியில் நின்று ஆடுகிற அந்த ஆட்டம்தான், சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் குழு அடுத்த சீசனுக்கு எதை எதை எடுத்திருக்கிறது என்று வருஷா வருஷம் தேடிப் படிப்பேன். படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க்கூட்டம் ஞாபகம் வரும். அதனால் முதலில் ஊர்க்கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் கிராமம். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் கோயில் வாசலில் கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டு வரி எவ்வளவு, முளைப்பாரி என்றைக்கு, வாணவேடிக்கை உண்டா என்பதெல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். கடைசியில் ஒருத்தர் "என்ன நாடகம்?" என்பார். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது வாலிபர்கள் எல்லாம் சேர்ந்து, "வருஷா வருஷம் வள்ளி திருமணமா? இந்தத் தடவை பவளக்கொடி வைப்போம்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். அம்பலகாரரும் சரி என்றுவிட்டார். கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த என் அப்பத்தா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "வள்ளி வராத வருஷம் ஒரு திருவிழாவாப்பா? நாரதர் தர்க்கத்தைக் கேக்காம நான் போயிட்டா யாரு பொறுப்பு?"

ஒருத்தரும் பதில் பேசவில்லை. வரியில் வீட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டினார்கள். முதல் ராத்திரி வள்ளி, மறுநாள் பவளக்கொடி என்று முடிவானது.

வள்ளி நாடகத்து ராத்திரி இன்னும் கண்ணில் நிற்கிறது. மணி இரண்டு இருக்கும். ஆர்மோனியக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். ஆலோலம் பாடிப் பாடி ஸ்திரீபார்ட் அம்மாவுக்குக் குரல் லேசாகக் கம்மியிருக்கிறது. நாரதர் கேள்வியை முடிப்பதற்குள் பக்கத்தில் அப்பத்தாவின் வாய் வள்ளியின் பதிலைச் சத்தமில்லாமல் சொல்லிவிடும். வெற்றிலைப் பெட்டி மடியில் திறந்தபடி கிடக்கிறது, கை அதைத் தொடவே இல்லை. தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பதில் இருக்கிற சுகம் என்னவென்று அன்றைக்குப் பார்த்தேன். அதனால்தான் பெரிய குழுக்கள் பழைய ஆட்டத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று யாராவது குறை சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள வராது.

பாரிஸ் குழுவில் 154 பேர் ஆடுகிறார்கள். இரண்டு அரங்குகள்: ஒன்று 1875-ல் திறந்த கார்னியே, இன்னொன்று 1989-ல் வந்த பஸ்தீய். கிறிஸ்துமஸ் நேரத்துக்குப் பெரும்பாலும் ருடால்ஃப் நூரேயெவ் என்ற ரஷ்ய ஆட்டக்காரர் அமைத்துக் கொடுத்த பெரிய ஆட்டங்களில் ஒன்றை வைப்பார்கள். அது அவர்களுடைய வள்ளி திருமணம். நியூயார்க் சிட்டி பாலேயைக் கேட்டால் 1954-லிருந்து நட்கிராக்கர் என்கிற கிறிஸ்துமஸ் கதை பாலே என்பார்கள். அந்த ஒரு ஆட்டத்தில் வருகிற வசூல்தான் மற்ற பல ஆட்டங்களுக்குச் சோறு போடுகிறது. சரி, அதில் தப்பே இல்லை.

என் கவலை வேறு. அன்றைக்கு இரண்டாம் ராத்திரி போட்ட பவளக்கொடியை அப்புறம் எங்கள் ஊரில் ரொம்ப வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு தடவை கேட்டபோது, "முழுசாப் பாட இப்ப ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்று ராஜபார்ட் ஒருத்தர் சொன்னார். கூப்பிடாததால் ஆடவில்லை, ஆடாததால் மறந்துபோனது. நாடகத்துக்காவது பாட்டுப் புத்தகம் உண்டு. ஆட்டம் ஆடுகிறவர் உடம்பிலேதான் இருக்கிறது. இந்த சீசனில் எதை ஆடுவது என்று ஒரு குழு எடுக்கிற முடிவு, எந்த ஆட்டம் உயிரோடு இருக்கும் என்கிற முடிவும்தான்.

ஜிசெல் என்று ஒரு பாலே. 1841-ல் பாரிஸில்தான் பிறந்தது. 1868-க்குப் பிறகு பாரிஸ்காரர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்கில் மரியுஸ் பெத்திபா என்ற பிரெஞ்சுக்காரர் அதை விடாமல் ஆடவைத்துக் காப்பாற்றினார். 1910-ல் ரஷ்யக் குழு ஒன்று பாரிஸுக்கு வந்து அதை ஆடியபோது, சொந்த ஊருக்கே அது வெளியூர் ஆட்டம். இன்றைக்கு பாரிஸ் குழு பெருமையாகப் பட்டியலில் போடுகிற ஜிசெல் இப்படி ஊர் சுற்றித் திரும்பியதுதான். இங்கே விராலிமலையில் முத்துக்கண்ணம்மாள், பரதத்துக்கு முந்தைய வடிவமான சதிராட்டத்தைத் தன் உடம்பிலே வைத்துக் காப்பாற்றினார். அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இப்போது என் மனசுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். லா பயதேர். 1877-ல் அதே பெத்திபா பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்தது. பயதேர் என்றால் நம் கோயில்களில் ஆடிய பெண். நிக்கியா என்கிற தேவதாசியின் காதல் கதை. பூக்கூடையில் பாம்பை வைத்து அவளைக் கொன்றுவிடுவார்கள். காதலன் அபின் மயக்கத்தில் அவளை நிழலாகக் காண்பான், ஒருத்தியாக அல்ல, பல நிழல்களாக.

அந்த நிழல் காட்சியை பாரிஸில் ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். இருட்டிலே ஒரு சரிவு. வெள்ளை உடையில் ஒருத்தி வருகிறாள், ஒரு காலைப் பின்னால் தூக்கி நீட்டுகிறாள், நிமிர்கிறாள், இரண்டு அடி வைக்கிறாள். பின்னால் இன்னொருத்தி அதையே செய்கிறாள். அப்புறம் இன்னொருத்தி. இப்படி 32 பேர். முதலில் வந்த பெண் அந்த ஒரே அசைவை முப்பது தடவைக்கு மேல் செய்யவேண்டும். நான் முன்வரிசையில் இருந்ததால் அவள் ஊன்றிய காலின் கணுக்கால் நடுங்குவது தெரிந்தது. மேலே முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நம் பிள்ளைகள் முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்கும்போது தொடை நடுங்குமே, அதே நடுக்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூரேயெவ் இந்த ஆட்டத்தை 1992 அக்டோபரில், உடல் நலிந்த நிலையில் பாரிஸுக்கு அமைத்துக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் காலமானார்.

ஆனால் அந்தக் காட்சியை விட்டுவிட்டுப் பார்த்தால், கோயில் என்று அவர்கள் காட்டுவது கோயில் இல்லை. தேவதாசி என்று காட்டுகிறவளிடம் ஒரு முத்திரைகூட நம்முடையது இல்லை. இத்தனைக்கும் பாரிஸ் நிஜமான தேவதாசிகளைப் பார்த்த ஊர். 1838-ல் கடலூர் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து ஆட்டக்காரப் பெண்களும் மூன்று இசைக்காரர்களும் கப்பல் ஏறிப் போனார்கள். அதிலே அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து தெயோஃபில் கோத்தியே என்கிற கவிஞர் சொக்கிப்போய் எழுதினார். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அவளுக்குச் சிலை வடித்தார். மூன்று வருஷம் கழித்து ஜிசெலுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் அதே கோத்தியேதான்! நம் திருவந்திபுரத்துப் பெண் ஆடியதைப் பார்த்த கண்ணும் கையும் அந்த ஆட்டத்துக்குள் இருக்கிறது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை.

அதனால் லா பயதேரைத் தூக்கிப்போடுங்கள் என்று சொல்லமாட்டேன். பத்து வருஷம் ஆடாமல் விட்டால் அந்த 32 பேரின் வரிசை அறுந்துவிடும். முகத்தில் சாயம் பூசி வேறு இனத்தவர்போல் காட்டுவது வேண்டாம் என்று 2021-ல் அந்த ஓப்பராவுக்கு அறிக்கையே கொடுத்தார்கள், நல்லது. நான் கேட்பது இன்னும் ஒன்று. லா பயதேர் ஆடுகிற சீசனில், அதே அரங்கில், ஒரே ஒரு ராத்திரி சதிர் வையுங்கள். தொடக்கத்தில் ஆடுகிற அலாரிப்பிலிருந்து கடைசியில் வருகிற தில்லானா வரை. அம்மணி பெயரைப் போட்டு வையுங்கள். முதல் நாள் வள்ளி, மறுநாள் பவளக்கொடி. எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு ரூபாயில் முடிந்த காரியம் அது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். புதிய ஆட்டங்களைப் பற்றிச் சொல்லவே இல்லை. 2016-ல் அக்ரம் கான் என்ற கதக் கலைஞர் இங்கிலாந்தில் ஜிசெலை ஆலை மூடி வேலை இழந்த தையல் தொழிலாளர் கதையாக மாற்றி அமைத்தார். அது ஒன்றைப் பற்றியே அரை மணி பேசலாம், இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம். இரண்டாம் ராத்திரிக்குப் பவளக்கொடி கேட்கப்போகிறேன். பாட ஆள் தேடவேண்டும், புதுக்கோட்டையில் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். வரி கூடினால் என் வீட்டுப் பங்கை அன்றைக்கே கட்டிவிடுகிறேன். வணக்கம்.