சுணை கண்ணுல பட்டா தேய்க்காதீங்க, மேல் இமையைப் புரட்டிப் பாக்கச் சொல்லுங்க

வணக்கம் மக்களே! இன்னிக்கு கோவத்தோடதான் கேமரா முன்னாடி உக்காந்திருக்கேன். கம்பளிப்பூச்சி சுணை, அதாவது அதோட உடம்புல இருக்கிற நுண்ணிய முடி, கண்ணுல விழுந்தா ஈரத் துணியால அழுத்தித் தேய்ச்சா வந்துடும்னு ஒரு குட்டி வீடியோ சுத்துது. உங்கள்ல நிறைய பேர் அதை அனுப்பி "இது சரியா?"ன்னு கேட்டிருக்கீங்க. சரியே இல்ல. கண்ணுக்குச் செய்யக்கூடாத முதல் வேலையே அதுதான்.

ஏன்னு சொல்றேன். பல இனங்களோட சுணையில, முனை ஊசி மாதிரி இருக்கும், தண்டு நெடுக ஒரே பக்கமா சாஞ்ச நுண்ணிய முள்ளு இருக்கும். அதனால முனை இருக்கிற பக்கமா நகரும், திரும்பி வராது. தேய்ச்சா உள்ள போகும். இமைச்சாலும் போகும், கண்ணை உருட்டினாலும் போகும். சிலதுல நஞ்சு வேற. பைன் மர ஊர்வலக் கம்பளிப்பூச்சியோட சுணையில தாமெட்டோபோயின்னு ஒரு புரதம் இருக்கு. அந்தச் சுணையோட நீளமே 0.1, 0.2 மில்லிமீட்டர்தான். கண்ணாடியில பாத்துட்டு "ஒண்ணும் தெரியலையே"ன்னு விட்டுடாதீங்க.

அப்போ என்ன செய்யணும்? முதல்ல கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, கையிலயும் சுணை ஒட்டியிருக்கும். பட்ட கண்ணு கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி தலையைச் சாய்ச்சு, மூக்குப் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா சுத்தமான தண்ணியோ சலைனோ 15 நிமிஷம் மெதுவா ஓட விடுங்க. பீச்சி அடிக்காதீங்க. ஐயோ, இதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதை விட்டுட்டேன்: கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கை கழுவினதும் அதைக் கழட்டிடணும். சட்டையிலயும் பூச்சி ஊர்ந்திருந்தா தலை வழியா உருவாதீங்க, மொத்தமும் முகத்துல வழிச்சு விட்டுடும். பட்டனைக் கழட்டுங்க, இல்லேன்னா வெட்டிடுங்க.

கழுவினதும் உறுத்தல் போகலையா, அன்னிக்கே கண் டாக்டர்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன், பொறுமையா கேளுங்க. மேல் இமை! கழுவின பிறகும் சுணை ஒளிஞ்சிருக்கிற இடம் பெரும்பாலும் அதோட உள்பக்கம்தான். அங்க குத்தி நின்னா ஒவ்வொரு இமைப்புக்கும் கருவிழியில மேலும் கீழுமா கீறும். டாக்டர் ஃப்ளூரெசின் சாயம் போட்டு நீல வெளிச்சத்துல பாத்தா செங்குத்தா பச்சைக் கோடுகள் தெரியும். அந்தக் கோடு தெரிஞ்சா மேல் இமையைப் புரட்டியே ஆகணும். ஒரு தடவை புரட்டினா போதாது. இமையோட மேல் மடிப்புல இருக்கிறது தெரியணும்னா ரெண்டாவது மடிப்பும் புரட்டணும், டபுள் எவர்ஷன்னு சொல்வாங்க. "டாக்டர், மேல் இமையை ரெண்டு மடிப்பும் பாத்தீங்களா?"ன்னு தைரியமா கேளுங்க. கேக்கிறதுல தப்பே கிடையாது.

மரத்துப்போற சொட்டு விட்டு, கண்ணைப் பெரிசாக்கிக் காட்டுற ஸ்லிட் லாம்ப் கருவியில பாத்துக்கிட்டே மெல்லிய இடுக்கியால (ஃபோர்செப்ஸ்) ஒவ்வொண்ணா எடுப்பாங்க. சுணை எளிதுல உடையும். கருவிழியில ஆழமாப் போய், சுத்தி அழற்சி இல்லாம அமைதியா இருக்கிறதைத் தோண்டாம கண்காணிக்கிறதும் உண்டு. அப்புறம் ஆன்டிபயாடிக் சொட்டு, அழற்சிக்கு ஸ்டீராய்டு சொட்டு, உள்ள கண்ணுக்கு நிறம் தர்ற ஐரிஸ் வீங்கியிருந்தா கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு.

வீட்ல மிச்சமிருக்கிற ஸ்டீராய்டு சொட்டை எடுத்து ஊத்தாதீங்க! கண் அழுத்தத்தை ஏத்தும், கிருமித்தொற்று இருந்தா மோசமாக்கும். மரத்துப்போற சொட்டும் அப்படித்தான், வலி தெரியாது, ஆனா கருவிழிப் புண்ணு ஆறவிடாது.

இந்த நோய்க்கு ஆஃப்தால்மியா நோடோசான்னு பேரு, 1904-ல ஜெர்மன் கண் டாக்டர் சேமிஷ் வச்சது. 1984-ல ஆராய்ச்சியாளர் கடேராவும் கூட்டாளிகளும் 5 வகையாப் பிரிச்சாங்க: பட்ட உடனே வர்ற வீக்கம், முள்ளு உறுத்துற நாள்பட்ட அழற்சி, வெண்படலத்துல சாம்பல்-மஞ்சள் முடிச்சு, ஐரிஸ் அழற்சி, கடைசியா கண்ணோட பின்பகுதி பாதிப்பு. அஞ்சாவதுதான் கவலை. சுணை விழித்திரை வரைக்கும் போயிடலாம், அது தெரிய மாசங்களோ வருஷங்களோ ஆகலாம். அப்போ லேசரோ, கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லை எடுக்கிற விட்ரெக்டமி அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். அதனால சிவப்பு போயிடுச்சுன்னு மறுபரிசோதனையை விட்டுடாதீங்க. வெளிச்சம் பாத்தா கூசுறது, பார்வை மங்குறது, மிதக்கும் புள்ளிகள் புதுசா வர்றது, இதுல எது வந்தாலும் திரும்பப் போங்க. "கண்ணுல கம்பளிப்பூச்சி பட்டுச்சு"ன்னு முதல்லயே சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா சாதாரண கண்வலின்னு நினைக்க வாய்ப்பு இருக்கு.

ஆ, டாரன்டுலா சிலந்தி வளர்க்கிறவங்களும் இதைக் கேட்டுக்கோங்க. சில இனங்கள் மிரண்டா பின்னங்காலால வயித்து முடியை உதறி விடும், அதுவும் கண்ணுல இதே பாதிப்பைத்தான் கொடுக்கும். கூண்டைச் சுத்தம் பண்றப்போ முகத்தோட ஒட்டி நிக்கிற காகிள்ஸ் போடுங்க, மூக்குக்கண்ணாடி பத்தாது. கம்பளிப்பூச்சிக் கூட்டை எடுக்கிறப்பவும் அதே காகிள்ஸ்தான். பூச்சி செத்திருந்தாலும் கூட்டுலயும் உரிச்ச தோல்லயும் சுணை அப்படியே இருக்கும். எரிச்சா புகையோட பறக்கும், காத்து ஊதி விரட்டினாலும் பறக்கும், அதனால தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு எடுங்க.