நாங்கள் கும்பிடுவதில் உங்களுக்கு என்ன இடைஞ்சல்?

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

வணக்கம். நேராக விஷயத்துக்கே வருகிறேன். போன கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலைத் தாண்டி மான்கள் நிற்கிற இடத்தில் ஒரு தம்பி என்னை மறித்துக் கேட்டான்: "அண்ணா, நீங்கள் கும்பிடுவதில்லை, சரி. நாங்கள் கும்பிடுவதில் உங்களுக்கு என்ன இடைஞ்சல்? பேசாமல் விடலாமே?" அர்ச்சனைத் தட்டோடு என் மனைவி காத்துக்கொண்டு நின்றதால் அங்கே பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

கும்பிடுவதில் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. என் அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்தைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்தவன் நான். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்கிற கதையை நான் நம்பவில்லை. ஆனாலும் ஏழு கிணற்றிலும் வாளியை இறக்கி, ஒவ்வொரு சூட்டில் வருகிற அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்து அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். அதைச் செய்ததில் எனக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

ஆனால் மதத்தால் யாருக்கும் தீங்கில்லை, அதனால் பொறுத்துப் போங்கள் என்று சொன்னால் அதை ஏற்க மாட்டேன். 2017இல் கிண்ணியாவிலும் இந்த மாவட்டம் முழுக்கவும் டெங்கு எப்படி அடித்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வயதுப் பையனுக்குக் காய்ச்சல். பூசாரி வந்து கண்ணூறு என்று சொல்லித் திருநீறு போட்டு நூல் கட்டினார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது, வீட்டில் எல்லாரும் சாமிக்கு நன்றி சொன்னார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது பையனின் கை சில்லிட்டிருந்தது, மணிக்கட்டில் அந்தக் கறுப்பு நூல் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. பிள்ளை தப்பவில்லை.

அவனுடைய தாய் இன்றைக்கும் அதே கோயிலுக்குத்தான் போகிறார். அவரிடம் போய் உங்கள் நம்பிக்கைதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவருக்கு ஆறுதலாக இருப்பது அந்தக் கோயில் ஒன்றுதான். ஆனால் நூல் காய்ச்சலை மாற்றும் என்று யாராவது சொன்னால் அது பொய் என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுவேன். தம்பி, மரியாதை அந்தத் தாய்க்கு உரியது. நூலுக்கு நான் எதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்?

அப்புறம், மதம் வீட்டுச் சாமி அறையோடு நிற்கிறதா? 2005 மே மாதம் நம் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை வந்தது. பிறகு ஹர்த்தால், வன்முறை, கடைசியில் சிலைக்கே துவக்கோடு காவல். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சொன்ன ஒருவரை, ஒரு துண்டு நிலத்தைப் பிடிக்கிற ஆசைக்கு வேலியாக நிறுத்தினார்கள். அதைப் பார்த்து முதலில் மனம் நொந்திருக்க வேண்டியவர்கள் நல்ல பௌத்தர்கள். நான் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிய கன்னியாவிலும், பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டுகிற பிரச்சினை 2019இல் நீதிமன்றம் வரை போனது. நம் பக்கத்தில் மட்டும் எல்லாம் சுத்தமா? நம் ஆட்கள் முஸ்லிம் பெண்களின் உடுப்பைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

சகிப்பு இரண்டு பக்கமும் வேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்கிறது. அதற்கு நேர் மேலே 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 1963இல் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக இந்த நாட்டில்தான் பகிரங்கமாகச் சவால் விட்டார். அதே நாட்டில் 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளரை, பௌத்தத்தை அவமதிக்கிற சிறுகதை ஒன்றை எழுதினார் என்று சொல்லிப் பிடித்து மாதக் கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். நம்பாதவன் பொறுத்துப்போக வேண்டும் என்று கேட்கிற நாம், அவரைப் பொறுத்துக்கொண்டோமா?

தம்பி, உன் கேள்விக்கு நான் வைத்திருக்கிற பதில் ஒரு வேலை. மழை தொடங்கப் போகிறது, நுளம்பும் வரும். எங்கள் ஒழுங்கைப் பூசாரியை நானும் இன்னும் இரண்டு பேரும் வருகிற ஞாயிறு போய்ப் பார்க்கப் போகிறோம். சண்டைக்கு இல்லை. ஐயா, காய்ச்சல் என்று யார் வந்தாலும் நூலைக் கட்டுங்கள், கட்டின கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று கேட்கப் போகிறோம். நீயும் வா. நீ கும்பிடுகிற ஆள், உன் சொல்லுக்கு அங்கே என் சொல்லைவிட மதிப்பு அதிகம்.