பதறாமல் ஆசைப்படுவது எப்படி

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு என்னை மேனிஃபெஸ்டேஷன் பற்றி, அதாவது ஒன்று கிடைத்துவிட்டதாகவே எழுதியும் கற்பனை செய்தும் வந்தால் பிரபஞ்சம் அதைக் கொண்டுவந்து கொடுக்கும் என்கிற பழக்கத்தைப் பற்றி, பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதை நம்பலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், வேண்டாம் என்று சொன்னால் எனக்குத் தெரியாமல் செய்வார்கள், அவ்வளவுதான். அதனால் மனசு கெட்டுப்போகாமல் இதை எப்படிச் செய்வது என்று மட்டும் பேசுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆசைப்படுவதில் தப்பில்லை, அதைக் கண்ணை மூடிக் கற்பனை செய்வதிலும் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்தபோது இருந்ததைவிட எழும்போது படபடப்பு கூடியிருந்தால், நீங்கள் செய்தது பயிற்சி இல்லை, பயத்துக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள்.

இன்டர்வியூ முடிந்து, முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நோட்டைத் திறந்து 'எனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது' என்று எழுத ஆரம்பிக்கிறார். 55 முறை எழுத வேண்டும், அதுவும் 5 நாள் விடாமல். இணையத்தில் அப்படி ஒரு முறை சுற்றுகிறது. பாதி தாண்டுவதற்குள் கையெழுத்து கோணலாகிவிடுகிறது, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கின்றன, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், மூச்சு நெஞ்சோடு நின்று திரும்புகிறது. நாலு வரிக்கு ஒருதரம் போனை எடுத்து இமெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நாற்பதா நாற்பத்தொன்றா என்று சந்தேகம் வந்து, மேலே போய் முதலிலிருந்து எண்ணுகிறார். நோட்டில் இருப்பது 'கிடைத்துவிட்டது'. உடம்பு முழுக்க ஓடுவது 'கிடைக்காவிட்டால் தொலைந்தேன்'.

இந்த நிலையில் இருப்பவரிடம் 'நல்லதையே நினை' என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை. முதலில் உடம்பைக் கவனிக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதனால்தான் இது வேலை செய்கிறது, இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு சில நிமிடம் போதும். அப்புறம், உள்ளே என்ன ஓடுகிறதோ அதற்கு ஒரு பேர் வையுங்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'அவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று பொறாமையாக இருக்கிறது', எதுவானாலும் சரி. மேத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2007-இல் மூளை ஸ்கேன் வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். உணர்ச்சியைக் காட்டும் முகங்களைப் பார்க்கிறவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பேர் சொன்னபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. பேர் வைத்ததும் பயம் ஓடிவிடாது. ஆனால் நம்மைப் பிடித்து ஆட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தும்.

இங்கேதான் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பயத்தைச் சொன்னால் அது நெகட்டிவ் ஆயிற்றே, நம்மிடமிருந்து போகிற வைப்ரேஷன், அதாவது அதிர்வு, இறங்கிவிடுமே, பிரபஞ்சம் அதையே திருப்பிக் கொடுத்துவிடாதா என்பார்கள். சரி, பயத்தை நினைக்காமலே இருக்க முடியுமா என்று பார்ப்போம். 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து, அஞ்சு நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயத்துக்கும் இதே கதிதான். கதவைச் சாத்தச் சாத்த அது பலமாகத் தட்டும்.

அஃபர்மேஷன், அதாவது தன்னைப் பற்றி நல்ல வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, அதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 2009-இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வில், 'நான் அன்புக்குரியவன்' என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் தெம்பு கொடுத்தது. தன்னைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கோ, சொல்லாமல் இருந்ததைவிட மோசமாக இருந்தது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களையே அது கீழே தள்ளியிருக்கிறது. காரணம் புரியாததல்ல. நம்ப முடியாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது உள்ளே ஒரு குரல் 'யாரிடம் கதை விடுகிறாய்' என்று கேட்கத்தான் செய்யும். அதனால் வயிறு ஒத்துக்கொள்கிற வாக்கியமாகப் பாருங்கள். 'எனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது' என்பதற்குப் பதிலாக, 'அந்த வேலை எனக்கு வேண்டும், அதற்கு என்னைத் தயார்செய்கிறேன்' என்று எழுதிப் பாருங்கள். கம்பீரம் குறைவுதான், ஆனால் அதில் பொய் இல்லை, தோளும் இறங்கும்.

இப்போது கற்பனை செய்வதற்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல வருடங்களாக இதையே ஆராய்ந்தவர். அவரும் டோரிஸ் மேயர் என்பவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடித்து வேலை தேடும் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 'எனக்கு வேலை கிடைக்கும்' என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே வந்தார்கள். ஆனால் வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கனவு கண்டுகொண்டே இருந்தவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், குறைவாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், தேடி வந்த வேலைகளும் குறைவு, சம்பளமும் குறைவு. எதிர்பார்ப்பு வேறு, பகல்கனவு வேறு. 2011-இல் அவர் ஹெதர் கேப்பஸ் என்பவரோடு செய்த சோதனைகளில், ஆசை நிறைவேறியதாகக் கற்பனை செய்தவர்களின் ரத்த அழுத்தமே சற்று இறங்கியிருந்தது, அதாவது எழுந்து வேலை பார்க்க வேண்டிய முனைப்பு தளர்ந்துவிட்டது. சாப்பாட்டுப் படத்தைப் பார்த்தே பசி ஆறிப்போன மாதிரி.

அப்படியென்றால் கற்பனையே வேண்டாமா? வேண்டும், ஆனால் எதைக் கற்பனை செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1999-இல் லியென் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் பரீட்சைக்குப் போகிற கல்லூரி மாணவர்களிடம், தினமும் அஞ்சு நிமிடம் கண்ணை மூடச் சொன்னார்கள். ஒரு குழு நல்ல மார்க் வாங்கிய சந்தோஷத்தைப் பார்த்தது. இன்னொரு குழு புத்தகத்தைத் திறந்து படிப்பதை, டிவியை அணைப்பதை, கூப்பிடும் நண்பனிடம் இப்போது வர முடியாது என்று சொல்வதைப் பார்த்தது. இரண்டாவது குழு சீக்கிரமே படிக்க ஆரம்பித்தது, மார்க்கும் அதற்குத்தான் அதிகம்.

நம் வேலை தேடுகிறவர் இதை எப்படிச் செய்யலாம்? வேலை கிடைத்த காட்சியைக் கொஞ்ச நேரம் ஆசை தீரப் பார்க்கட்டும், அந்தச் சந்தோஷத்தை ஏன் மறுக்க வேண்டும். பார்த்த கையோடு, இதற்கும் எனக்கும் நடுவே எனக்குள்ளேயே நிற்பது என்ன என்று கேட்கட்டும். வெளித் தடை ஆயிரம் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். கேள்வி கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதுதான் தடை என்று தெரிந்தால், அடுத்த முறை கேள்வி வந்ததும் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, 'கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்' என்று ஆரம்பிப்பதை அப்படியே மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கட்டும். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைப் பற்றிப் பீட்டர் கோல்விட்சர் என்பவர் நிறைய எழுதியிருக்கிறார். பதற்றத்தில் மூளை புதிதாக யோசிக்காது, முடிச்சுப் போட்டது கைகொடுக்கும். அவ்வளவுதான், நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

சகுனம் பார்க்கிற பழக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கடிகாரத்தில் 11:11 தெரிந்தது, வண்டி நம்பரில் 222 வந்தது என்று உற்சாகமாகச் சொல்வார்கள். ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தால் அது எங்கே பார்த்தாலும் கண்ணில் படும், 12:47 எத்தனை முறை வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. கண்டால் சிரித்துவிட்டுப் போங்கள். காணோமே என்று தவிக்க ஆரம்பித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, பிரிந்துபோனவர் திரும்பி வர வேண்டும் என்று செய்வது. இதில் நான் கறார். வேலையும் வீடும் நாம் ஆசைப்படுகிற பொருள்கள். மனிதருக்குச் சொந்தமாக ஒரு மனசு இருக்கிறது. அவர் எப்போது ஆன்லைனில் வந்தார் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற மேனிஃபெஸ்டேஷன், அழ வேண்டிய அழுகையைத் தள்ளிப்போடுகிறது.

'விட்டுவிடு, அப்போதுதான் வரும்' என்று ஒரு அறிவுரை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரட்டும் என்பதற்காக விடுகிறவர், விட்டுவிட்டேனா என்று அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு இது எவ்வளவோ மேல்: இமெயில் பார்க்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலை வராவிட்டால் அடுத்து எதற்கு விண்ணப்பிப்பது என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். மாற்று வழி எழுதினால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும் என்பார்கள். நான் பார்த்தவரையில், கையில் மாற்று வழி இருக்கிறவர்தான் நிதானமாகக் காத்திருக்கிறார்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் ஒரு விஷயம். எண்ணம் போல் வாழ்வு என்று சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்குத் தன் மனசில் வந்த ஒரு கெட்ட எண்ணம்தான் காரணம் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களிடம், நினைத்தாலே நடந்துவிடும் என்கிற இந்தப் பயம் அடிக்கடி காணப்படுவது. அப்படிப்பட்டவருக்கு 55 முறை எழுதுவதும், எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பதும் நோயை வளர்க்கும். ஒரு எண்ணம் வந்ததால் யாருக்கும் காய்ச்சல் வராது, விபத்தும் நடக்காது. எழுதாமல் விட்டால் ஏதாவது கெட்டது நடந்துவிடும் என்று தோன்றுகிறதா, அந்த நினைப்பால் தூக்கம் கெடுகிறதா, நோட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓசிடிக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்கு அதைப் பார்த்தாலே நிறையப் புரியும். நன்றி, வணக்கம்.