உடற்பயிற்சின்னாலே கசக்குதா? லண்டன் பஸ் கண்டக்டர்கிட்ட பதில் இருக்கு!

[திரையில்: பெரிய மரச்சக்கரம், அதுல வரிசையா ஏறிக்கிட்டிருக்கிற கைதிங்க]

டிரெட்மில்லை முதல்ல எங்க வச்சாங்க தெரியுமா? ஜெயில்ல!

1818, இங்கிலாந்து. வில்லியம் க்யூபிட்னு ஒரு இன்ஜினியர். கைதிங்க சும்மா உக்காந்திருக்காங்களேன்னு ஒரு பெரிய சக்கரம் செஞ்சார். சுத்திலும் படி. ஒரு படி ஏறினா அது கீழ இறங்கிடும், அடுத்த படி வந்து நிக்கும். மணிக்கணக்கா ஏறினாலும் ஆள் நின்ன இடத்துலயேதான் இருப்பான். சில ஜெயில்ல அந்தச் சக்கரம் தானியம் அரைச்சுது. சில ஜெயில்ல அதுவும் இல்ல, வெறுமனே சுத்துச்சு. 1898-ல சட்டம் மாறின பிறகுதான் இந்தத் தண்டனை வழக்கொழிஞ்சது. இப்போ ஜிம்ல இருக்கிற பெல்ட் மெஷின் வேற அமைப்பு, ஆனா பேரு அங்கிருந்து வந்ததுதான்.

அதனால அந்த மெஷின்ல ஏறின ரெண்டாவது நிமிஷமே "எப்படா முடியும்"னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, தயவுசெஞ்சு உங்களையே சோம்பேறின்னு திட்டிக்காதீங்க.

வணக்கம் மக்களே! எவ்வளவு பயிற்சி வேணும்ங்கிறதை மட்டும் வேகமா சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது: பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே ரெண்டு நாள் தசைக்கு வேலை. ஒரே மூச்சுல பத்து நிமிஷம் செஞ்சாத்தான் கணக்குங்கிற பழைய நிபந்தனையை அதுலயே எடுத்துட்டாங்க. அவ்வளவுதான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கதைக்கு வருவோம்.

[திரையில்: சிவப்பு நிற லண்டன் டபுள் டெக்கர்]

1949. ஜெரி மோரிஸ்னு ஒரு டாக்டர். மாரடைப்பு ஏன் இவ்வளவு பேருக்கு வருதுன்னு அவருக்குக் கேள்வி. இதைத் தேட அவர் போன இடம் லண்டன் டபுள் டெக்கர் பஸ்! ஏன்னா ஒவ்வொரு பஸ்லயும் ரெண்டு பேர் இருக்காங்க. ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனா டிரைவர் வேலை நேரம் பூரா உக்காந்தே இருக்கார். கண்டக்டர் மேலயும் கீழயும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு 500-லிருந்து 750 படி! யோசிச்சுப் பாருங்க, இதை விட அழகா ஒரு பரிசோதனையை யாராவது திட்டம் போட்டு உருவாக்க முடியுமா? அது பாட்டுக்குத் தெருவுல ஓடிக்கிட்டிருந்தது, அதைப் பார்க்கிற கண்ணு மோரிஸுக்குத்தான் இருந்தது.

1953-ல முடிவு வெளியாச்சு. டிரைவர்களை விட கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தவங்களுக்கும் அவ்வளவு கடுமையா வரல. தபால் துறையிலயும் பார்த்தாங்க. நடந்தும் சைக்கிள்லயும் போய்க் கடுதாசி கொடுக்கிறவங்களுக்குக் குறைவு, உக்காந்து வேலை பார்க்கிறவங்களுக்கு அதிகம்.

இருங்க, ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஒல்லியா இருக்கிறவங்கதானே கண்டக்டர் வேலைக்கு வந்திருப்பாங்க? மோரிஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவர் என்ன செஞ்சார் தெரியுமா? யூனிஃபார்ம் அளவைத் தேடிப் போனார்! யாருக்கு எத்தனை இஞ்ச் பேன்ட்னு நிறுவனத்துல குறிச்சு வச்சிருப்பாங்கல்ல, அதை வச்சு 1956-ல ஒரு கட்டுரையே எழுதினார். டிரைவர்களோட இடுப்பு அளவு சின்ன வயசுலயே கொஞ்சம் பெருசுதான்னு அதுல தெரிஞ்சது. தன் முடிவைக் கேள்வி கேக்கக்கூடிய தகவலைத் தானே தோண்டி எடுத்து அச்சிட்ட அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். அதுக்கப்புறமும் பல வருஷம் ஆராய்ச்சியை விடல. மோரிஸ் 2009-ல காலமானப்போ வயசு 99.

நம்ம ஊர் கண்டக்டரை நினைச்சுப் பாருங்க. தோல் பை ஒரு பக்கம், விரல் இடுக்குல மடிச்சு வச்ச நோட்டு, "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு முன்படிக்கும் பின்படிக்கும் நடுவுல எத்தனை நடை. "நான் இன்னைக்கு ஒர்க்அவுட் பண்ணேன்"னு அவர் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

இப்போ ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. கைதியும் படி ஏறினான், கண்டக்டரும் படி ஏறினார். கைதி ஏறினது எங்கயும் போகாத படி. கண்டக்டர் ஏறின படிக்கு மேல ஆள் இருக்கு, வேலை இருக்கு, பேச்சு இருக்கு. உடற்பயிற்சி பிடிக்கலைன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேருக்குப் பிடிக்காதது அந்தக் காரணமில்லாத படிதான்னு நான் உறுதியா நம்பறேன்.

எங்க அம்மா கதையைச் சொல்றேன். சுகர் எல்லைக்கோட்டுக்கு வந்துடுச்சு, நடங்கன்னு டாக்டர் சொன்னார். பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். நாலு நாள். "வட்டமா சுத்தறதுக்கு நான் என்ன செக்கு மாடா"ன்னு நின்னுட்டாங்க. ஆனா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சித்திகிட்ட ஃபோன் பேசுவாங்க. முக்கால் மணி நேரம், நாற்காலில உக்காந்து. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "இந்த ஃபோனை மட்டும் மொட்டை மாடில பேசும்மா."

இப்போ ஆறு மணி ஆனா ஃபோனை இடுப்புல சொருகிட்டு, இயர்ஃபோனை மாட்டிட்டு மேல போயிடுவாங்க. தண்ணி டேங்கிலிருந்து துணி காயப்போடற கொடி வரைக்கும், அங்கிருந்து திரும்ப டேங்குக்கு. கல்யாணச் செய்தி சூடா இருந்தா நடை தானா வேகமாகும், மாடில செருப்பு சரசரன்னு தேயற சத்தம் எனக்குக் கீழ கேக்கும். அந்தப் பக்கம் சித்தி, "என்னக்கா மூச்சு வாங்குது?"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி இருக்கே, அது தங்கமான அளவுகோல்! பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. மிதமான உழைப்புக்கு டாக்டர்கள் சொல்ற சோதனையே இதுதான். வாட்ச் எதுக்கு, சித்தி போதும்!

சுகர் குறைஞ்சுதான்னு கேப்பீங்க. குறைஞ்சது. ஆனா சாப்பாடும் மாறுச்சு, அதனால நடைக்கு மட்டும் முழுப் பேரையும் கொடுக்க மாட்டேன்.

இதே யோசனையை அமெரிக்காவுல கேட்டி மில்க்மன்ங்கிற பேராசிரியரோட குழு சோதிச்சு 2014-ல வெளியிட்டாங்க. கீழ வைக்க மனசு வராத ஆடியோ நாவல்களை ஜிம்ல மட்டும்தான் கேக்க முடியும்னு பூட்டி வச்சாங்க. ஆரம்பத்துல அவங்க மத்தவங்களை விட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு வந்தாங்க. ஆனா நடுவுல ஒரு பண்டிகை விடுமுறை வந்ததும் அந்த வித்தியாசம் காணாம போச்சு. அம்மாவுக்கும் இதேதான் நடந்தது. ஐப்பசி மழையில மாடி நனைஞ்சு பத்து நாள் நின்னுச்சு. அப்புறம் ஃபோன் அபார்ட்மென்ட் வராண்டாவுக்கு மாறுச்சு. மழைக்கு ஒரு மாற்று இடத்தை முன்னாடியே யோசிச்சு வச்சுக்கோங்க.

"தினமும் 10,000 காலடி நடக்கணும்னு சொல்றாங்களே?"ன்னு கேப்பீங்க. அந்த எண் 1965-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த மான்போ-கெய்ங்கிற அடி எண்ணும் கருவியோட பேரு! பேருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம். 2019-ல வயசான பெண்கள்கிட்ட நடந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, தினம் 4,400 அடி நடந்தவங்ககிட்டயே 2,700 அடி நடந்தவங்களை விட இறப்பு குறைவா இருந்தது. பயப்படாதீங்க.

தசைக்கு? கையை ஊணாம நாற்காலில உக்காந்து எழுந்திரிங்க, பத்து தடவை. சீரியல் விளம்பரத்துல செய்யலாம். நெஞ்சு வலி, தலை சுத்தல் இருக்கிறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க.

இப்போ கமெண்ட்ல எனக்கு ஒண்ணு எழுதுங்க. தினமும் நீங்க உக்காந்துகிட்டே ஆசையா செய்யற அந்த அரை மணி நேரம் எது? ஃபோனா, பாட்டா, கிரிக்கெட் கமெண்ட்ரியா? அதை நின்னுகிட்டோ நடந்துகிட்டோ எப்படிச் செய்யலாம்னு ஒவ்வொருத்தருக்கும் நானே பதில் போடறேன். மணி ஆறாகுது, மாடில செருப்புச் சத்தம் ஆரம்பிச்சிடுச்சு.