சந்தேகங்களுக்கு விளக்கம்: அரசமைப்புத் திருத்தம் என்றாலே உரிமைப் பாதுகாப்பா?

வணக்கம். சென்ற பகுதியில் அமெரிக்க அரசமைப்பைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர், உயர்நிலை மூன்றில் படிக்கும் தம் மகளின் சந்தேகத்தைக் கேள்வியாக அனுப்பியிருக்கிறார்: "அமெரிக்காவில் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற அரசின் மூன்று துறைகளும் தனித்தனியாக நின்று ஒன்றையொன்று தடுக்கின்றன, திருத்தங்கள் மக்களின் உரிமைகளைக் காக்கின்றன என்றீர்கள். இங்கே சிங்கப்பூரில் அமைச்சர்களே நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியானால் நம் நாட்டில் அதிகாரப் பகிர்வு உண்டா? திருத்தங்கள் நம்மையும் காக்குமா?"

நல்ல கேள்வி, முதல் பாதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரையை நோக்கி நடந்தால், உச்சியில் பெரிய வட்டத் தட்டைத் தூக்கிவைத்தாற்போல் நிற்கும் உச்ச நீதிமன்றம் தென்படும். அங்கிருந்து சில நிமிட நடையில் நாடாளுமன்றக் கட்டடம் வந்துவிடும். அமைச்சரவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில் அந்தச் சில நிமிட இடைவெளிகூடக் கிடையாது, ஏனென்றால் பிரிட்டிஷ் மரபில் வந்த நம் அரசமைப்பின்படி பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தே தீரவேண்டும். அமெரிக்காவிலோ அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக இருப்பவர் அந்தப் பதவியை விடாமல் அமைச்சராக முடியாது. ஆகவே இங்கே உண்மையான இடைவெளி நீதித்துறையை ஒட்டித்தான் இருக்கிறது: உச்ச நீதிமன்ற நீதிபதி அரசமைப்பு சொல்லும் ஓய்வு வயது வரை பதவியில் இருப்பார், பதவியில் இருக்கும்போது அவருடைய ஊதியத்தைக் குறைக்க முடியாது, நினைத்தபடி அவரை நீக்கவும் முடியாது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே ஆனாலும் அரசமைப்போடு முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்று 4-ஆம் பிரிவு சொல்வதால், அந்த முரண்பாட்டைக் கண்டு சொல்லும் வேலை நீதிமன்றத்துடையதாகிறது.

இனி இரண்டாம் பாதிக்கு வருகிறேன். திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் உரிமைப் பாதுகாப்பு வந்து நிற்பதற்கு அமெரிக்க வரலாறுதான் காரணம். 1791-இல் சேர்க்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்கள் பேச்சுரிமை முதல் நியாயமான விசாரணை வரை பலவற்றை உறுதிசெய்தன. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம் அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறிந்து, அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் குடிமக்களே என்று எழுதிவைத்தது. நீதிமன்றம் சுருக்கிய உரிமையைத் திருத்தம் விரித்த கதை அது.

நம் நாட்டில் இதற்கு நேரெதிராக ஒன்று நடந்திருக்கிறது. பள்ளி மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பது என் எண்ணம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட சிலர் தொடுத்த வழக்கில், 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது. தடுப்புக்காவல் உத்தரவுகளுக்குத் தேவையான சான்று முறைப்படி காட்டப்படவில்லை என்பதுதான் உடனடிக் காரணம் என்றாலும், எல்லா அதிகாரத்துக்கும் சட்டப்படி ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை மீறப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் உடனேயே மீண்டும் கைது செய்யப்பட்டார்கள். மறுமாதமே, 1989 ஜனவரியில், அரசமைப்பின் 149-ஆம் பிரிவும் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டு, இத்தகைய வழக்குகளில் நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் ஆராயலாம் என்றானது. பாதுகாப்பு விஷயங்களில் முடிவெடுக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையதே என்பது அரசாங்கம் எடுத்துவைத்த வாதம்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. 1991-இல் அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்த திருத்தம், நாட்டின் சேமிப்பைக் காக்கும் சாவியோடு இன்னொரு சாவியையும் அதிபரிடம் கொடுத்தது: தடுத்துவைக்கப்பட்டவர்களின் நிலையை ஆராயும் ஆலோசனை வாரியம் ஒருவரை விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்தால், அமைச்சரவை மறுத்தாலும், அதிபரின் ஒப்புதல் இல்லாமல் அவரைத் தொடர்ந்து தடுத்துவைக்க முடியாது. நீதிமன்றத்திடமிருந்து எடுத்ததில் ஒரு பகுதி வேறொரு கைக்குப் போனது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 1988-இல் சொல்லப்பட்ட கோட்பாடும் செத்துப்போகவில்லை. 2015-இல், கால்பந்து ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே பேசிவைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டு வேறொரு சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டிருந்தவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே கோட்பாட்டைப் பின்பற்றி, தடுப்புக்காவல் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. (சில நாள்களில் அவர் மீண்டும் பிடிபட்டார், அது வேறு.)

அப்படியானால் ஒரு திருத்தம் எந்தப் பக்கம் போகும் என்பதை எது முடிவு செய்கிறது? அதற்குத் தேவைப்படும் எண்ணிக்கைதான். அமெரிக்காவில் காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தபின்னும் 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் இத்தனை ஆண்டுகளில் 27 திருத்தங்களே நிறைவேறியுள்ளன. நம் 5-ஆம் பிரிவு, நியமன உறுப்பினர்களைக் கணக்கில் சேர்க்காமல், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைக் கேட்கிறது. அதுவும் எப்போதும் அப்படி இருக்கவில்லை: 1965-இல் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று மாற்றப்பட்டது, 1979-இல்தான் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. 1968 தொடங்கி நடந்த எல்லாப் பொதுத்தேர்தல்களிலும் மக்கள் செயல் கட்சி அந்த அளவைத் தாண்டியே வென்றிருக்கிறது. 2025-இல் 97 இடங்களில் 87. ஆகவே இங்கே திருத்தத்துக்கான தடுப்பு, துறைகளுக்கு இடையே இருப்பதைவிட வாக்குச்சீட்டில்தான் அதிகம் இருக்கிறது.

ஒரு சின்ன இடைச்செருகல். தமிழை அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக்கும் 153ஏ பிரிவைக் காப்பது இதே மூன்றில் இரண்டு பங்குதான். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம் என்று 53-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ் உரை தொடங்கியதும் மற்ற உறுப்பினர்கள் மொழிபெயர்ப்புக்காகக் காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொள்கிறார்களே, அந்தக் காட்சிக்குப் பின்னால் நிற்கும் சட்டம் இது.

மகள் கடைசியாக, மக்களிடம் நேரடியாகக் கேட்காமல் எதையும் மாற்றிவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். நாட்டின் இறையாண்மையை விட்டுக்கொடுப்பதையும், காவல்துறை, ஆயுதப்படை ஆகியவற்றின் கட்டுப்பாட்டைக் கைவிடுவதையும் மட்டும் அப்படிச் செய்ய முடியாது. மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. தேசிய அளவில் இங்கே வாக்கெடுப்பு நடந்தது ஒரே ஒரு முறைதான், 1962 செப்டம்பரில், மலேசியாவோடு எந்த நிபந்தனைகளில் இணைவது என்பதற்காக. அந்த நாளில் வாக்களித்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், வாக்குச்சீட்டில் என்னென்ன தெரிவுகள் இருந்தன என்று அவரிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.