சின்ன ஸ்டேசனுக்கு என்ன பெரிய வரலாறு?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

மலேசியாவில் கைவிடப்பட்ட கிராமத்து ரயில் நிலையங்களைக் காப்பதா, இடித்துவிட்டு இடத்தைப் பயன்படுத்துவதா? இதுதான் தலைப்பு. காக்க வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி வெளுத்து வாங்கினார். "தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு, ஒரு டிக்கெட் ஜன்னல், இதில் என்ன கலை?" என்றார். "கீழடியைத் தோண்டினால் பானை ஓடு கிடைக்கும், ஸ்டேசனைத் தோண்டினால் சிகரெட் துண்டுதான் கிடைக்கும்" என்றார். கைதட்டல். "அந்தப் பணத்தைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள்" என்றார். இன்னும் பெரிய கைதட்டல். நானும்தான் தட்டினேன், பழக்க தோஷம்.

சரி, கலையிலிருந்தே வருகிறேன். பினாங்கின் இந்த ஜார்ஜ் டவுனில், கடற்கரையோரம், மணிக்கூண்டு வைத்த ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. இன்று சுங்கத்துறை அலுவலகம். 1909இல் ரயில்வே கட்டியது. அந்தப் பக்கம் ரயில் எங்கே வந்தது? வரவே இல்லை. டிக்கெட்டை இங்கே வாங்கி, படகேறி, அக்கரையில் பிறைக்குப் போய் வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. ரயில் வராத இடத்து ரயில் நிலையத்தைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் நம் ஊர்! கோலாலம்பூரில் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வரைந்த 1910ஆம் ஆண்டு நிலையத்தையும் யாரும் இடிக்கச் சொல்லவில்லை. கும்மட்டம் வைத்த கட்டடத்துக்கு வாதாட ஆயிரம் பேர் வருவார்கள். தகரக் கூரைக்கு வாதாடத்தான் பட்டிமன்றம் தேவைப்படுகிறது.

ஆனால் அந்தக் கும்மட்டம் நமக்கு என்ன சொல்கிறது? ஆண்டவனுக்கு எது அழகாகப் பட்டது என்று சொல்கிறது. கடவுளைச் சொல்லவில்லை, நம்மை ஆண்டவனைச் சொல்கிறேன். தண்டவாளம் போட்டவனின் கதைக்கு நீங்கள் தோட்டப்புறத்துக்குத்தான் போக வேண்டும்.

பேராக் கடலோரத்துக் கோலா செபெத்தாங்குக்கு இறால் மீ, அதாவது இறால் நூடுல்ஸ், சாப்பிடப் போகாதவர்கள் இந்த அவையில் குறைவு. அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். இங்கே வெல்ட் கீ சாலைக்குப் பெயர் கொடுத்த அதே கவர்னர்தான் அதற்கும். இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து அங்கே ஓடியது. ஈயம் ஏற்றிப் போக, சுமார் 13 கிலோமீட்டர். இலங்கையிலிருந்து வரவழைத்த பயனியர் படையினர், அதாவது கட்டுமானத் தொழிலாளர் படையினர், போட்ட பாதை. இன்று தண்டவாளம் இல்லை, ஊர்ப் பெயரும் மாறிவிட்டது. டிக்கெட் கொடுத்த இடமும் ஒரு பெயர்ப்பலகையும்தான் மிச்சம். அடுத்த முறை பசியாறிவிட்டு அந்தப் பலகைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஆங்கிலம், ஜாவி (மலாயை அரபு எழுத்தில் எழுதுவது), சீனம், நம் தமிழ் என்று நான்கு எழுத்து இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் துரைக்குப் போதும். யாரெல்லாம் அந்த மேடையில் ஏறி இறங்கினார்கள் என்பதற்கு, வெயிலிலும் மழையிலும் நிற்கிற சாட்சி அந்தப் பலகை. அதற்குக் கலை மதிப்பு என்ன என்று கேட்டால் நான் என்ன செய்வேன்!

இப்போது கீழடிக்கு வருகிறேன். தோழி சொன்ன பானை ஓட்டுக்கு எப்படி மதிப்பு வந்தது? எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்ததால் வந்தது. அதே ஓட்டைப் பழைய சாமான் கடையில் கொடுத்தால் வெறும் ஓடு. கிடந்த இடத்தில் பொருளைப் படிப்பதுதான் தொல்லியல். அதற்கு இரண்டாயிரம் வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன ஸ்டேசனை அப்படிப் படித்துப் பாருங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்திருக்கும், உருக்கிய ஆலையின் பெயர், ஆண்டு. பெரும்பாதையில் கனமான தண்டவாளம் மாற்றியபோது, பழைய இலேசானதை ஓரத்துப் பாதைக்குத் தள்ளிவிடுவார்கள். அதுவும் தேய்ந்தால் வேலிக்காலாக, கூரைத் தூணாக நட்டுவிடுவார்கள். ஆக, ஸ்டேசனில் மிகப் பழைய தண்டவாளம் தரையில் கிடக்க வேண்டியதில்லை, உங்கள் தலைக்கு மேலே கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்! நீராவி இஞ்சின் சாம்பல் கொட்டிய குழியும், அதற்குத் தண்ணீர் ஊற்றிய இரும்புக் குழாய்த் தூணும் எங்கே இருந்தன என்று பார்த்தால், வண்டி எங்கே நின்றது, ஆள் எங்கே நின்று வெந்தான் என்பது தெரியும்.

டோக்கனைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒற்றைப் பாதை. இந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி, அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி புறப்பட்டால் என்ன ஆகும்? அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களில் கம்பியால் இணைத்த இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். ஒரு நேரத்தில் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரே டோக்கன்தான் வெளியே வரும். ஸ்டேசன் மாஸ்டர் அதை வளையத்தில் மாட்டி நீட்டுவார், ஓடுகிற வண்டியிலிருந்து கையை விட்டுப் பிடித்துக்கொள்வார்கள். அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் போகவே கூடாது. ஒரு பெட்டியை மட்டும் கழற்றிக் கண்ணாடிக்குள் வைத்தால் யாருக்கு என்ன புரியும்? இருந்த இடத்திலேயே காக்க முடியுமா என்கிறீர்களா? சிங்கப்பூரில் புக்கிட் தீமா என்ற சின்ன நிலையம், 1932இல் கட்டியது. 2011இல் அந்த வழியாக ரயில் நின்றது. இடித்துப் போடவில்லை, சீரமைத்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய பாதையே 24 கிலோமீட்டர் நடைபாதை. நிலத்துக்குச் சிங்கப்பூர்க்காரனைவிட நமக்கா பஞ்சம்?

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். நிலைய அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதியவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர். வெயிலில் சரளைக்கல் கொட்டியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழர். மொழி ஒன்று, வீடு வேறு. மாஸ்டருக்குத் தனி வீடு, கூலிக்காரனுக்கு வரிசை வீடு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, கிணறு யாருக்கு அருகில் இருந்தது? இதை எந்த ஆண்டறிக்கையிலும் எழுதி வைக்க மாட்டார்கள். அஸ்திவாரம் இருந்தால் அளந்து பார்க்கலாம். அதையும் கொத்திப் போட்டுவிட்டு 'நாமெல்லாம் ஒன்றாகத்தான் இருந்தோம்' என்று மேடையில் பேசுவது சுலபம்.

கிழக்குக் கரைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கெமாஸிலிருந்து தும்பாட் வரை, 1931இல் முழுதாக முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்ததும் அதில் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பிடுங்கி சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, அனுப்பினான், பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்கு. கூடவே நம் தோட்டத்து ஆட்களையும் ஏற்றி அனுப்பினான். நம்மவர்கள் இங்கே போட்ட இரும்பைப் பிடுங்கி, நம்மவர்களை வைத்தே அங்கே போட வைத்தான். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பெயர்ப் பட்டியல் இல்லை, பலருக்குக் கல்லறையும் இல்லை. ஊரில் அவர்கள் கடைசியாக நின்ற இடம் பலருக்கும் ஏதோ ஒரு சின்ன ஸ்டேசன் மேடைதான். சிகரெட் துண்டுதான் கிடைக்கும் என்றீர்களே, தோழி.

"படம் எடுத்து வைத்தால் போதாதா, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாமே" என்றும் எதிரணியில் ஒருவர் சொன்னார். பக்கத்துக் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், ஆயிரம் ஆண்டைத் தாண்டியது என்கிறார்கள். 2013இல் வீடு கட்ட வந்த நிறுவனம் மண்ணோடு மண்ணாக்கியது. மரபுச் சின்னமாகப் பதிவாகாத இடம். விஷயம் வெளியே வந்தபோது இடிந்து முடிந்திருந்தது. படங்கள் இருந்தன, ஐயா. படத்தைத் தோண்ட முடியுமா?

நான் முன்னேற்றத்துக்கு எதிரி இல்லை. 2014இல் பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைப் பாதை முடிந்தது. நானும் அந்த வண்டியில்தான் கோலாலம்பூர் போகிறேன், குளிர்சாதனம் சுகமாகத்தான் இருக்கிறது. எல்லா நிலையத்தையும் காக்கச் சொல்லவும் இல்லை. இடிப்பதற்கு முன்னால் அளந்து, பதிந்து, தேர்ந்தெடுங்கள் என்கிறேன். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம், சமூக, பண்பாட்டுத் தொடர்பையும் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. அழகு மட்டும்தான் தகுதி என்று அதில் இல்லை.

தமிழ்ப்பள்ளிக்குப் பணம் வேண்டும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நிலையத்தை இடித்து மிச்சமாகும் காசு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கில் வந்து சேர்ந்தது என்று தோழி சொல்லவில்லை. பக்கத்திலுள்ள பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப்போய் அந்த டோக்கன் வளையத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், அதுவும் பாடம்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. கப்பலில் வந்து, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பிறையில் ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தை இடித்தாயிற்று, பல இடங்களில் கோயிலும் இடம் மாறிவிட்டது. ஸ்டேசனையும் எடுத்துவிட்டால், உங்கள் தாத்தா எங்கே வந்து இறங்கினார் என்று உங்கள் பிள்ளைக்கு எதைக் காட்டுவீர்கள்? பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.